வீச்சு வலைக்கு ஈய மணி வார்ப்பது எப்படி: பழைய ஈயம் தேடுவதில் இருந்து மணி கோர்ப்பது வரை

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்கள் என்ற பேச்சு கிளம்பியதுமே எங்கள் ஊரில் பரண் மேல் கிடக்கும் வலைகள் கீழே இறங்கிவிடும். எங்களுக்கு அணைக்கரைப் பக்கம், கொள்ளிடத்தின் தென்கரை. கண் அறுந்த இடத்தை முடிந்துவிடலாம், கயிறு புதிதாகக் கடையில் கிடைக்கும், ஆனால் வலையின் ஓரத்தைக் கனமாக்கி அடிக்கு இறக்கும் ஈய மணி பாதி உதிர்ந்த வலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையில் ரெடிமேடாக விற்கும் மணிகள் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை, துளையில் பிசிர் இருந்து ஒரே பருவத்தில் கயிற்றை அறுத்துவிடுகிறது. பத்து வருஷமாக நானே வார்த்துக்கொள்கிறேன். தாத்தாவிடம் பார்த்துக் கற்றது பாதி, கையைச் சுட்டுக்கொண்டு கற்றது மீதி. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஆளைக் காயப்படுத்துவது நெருப்பை விட ஈரம்தான். சுற்றிலும் ஆறும் வாய்க்காலும் வயலுமாக இருக்கிற நம் ஊரில் ஈரம் இல்லாத இடத்தைத் தேடுவதே பாதி வேலை.

எத்தனை மணி, எவ்வளவு ஈயம்

வலையை விரித்து நடுவில் இருந்து ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். 8 அடி வலை என்றால் ஓரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டரும் கொஞ்சமும். 8 செ.மீ.க்கு ஒரு மணி வைத்தால் 190 மணி சொச்சம் வரும். மணிக்கு 20 கிராம் என்றால் மொத்தம் 3.8 கிலோ. வார்க்கும்போது கசடாகப் போவது, திருப்பி உருக்குவது எல்லாம் சேர்த்து 5 கிலோ ஈயம் கையில் இருந்தால் நிம்மதி.

வாய்க்காலிலும் குளத்திலும் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் போடுகிற வலைக்கு இந்தக் கனம் போதும். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும்போது வீசுவதென்றால் மணியை 25 கிராம் வரை ஏற்றலாம், இல்லையென்றால் வலை தரை தொடுவதற்குள் இழுவை அதை மடக்கிவிடும், மீனும் அடியில் புகுந்து போய்விடும். அதற்காக ஒரேயடியாகக் கனம் கூட்டவும் வேண்டாம், பத்து வீச்சில் தோள்பட்டை கழன்றுவிடும்.

20 கிராமுக்கு அளவு இதுதான்: 12 மி.மீ. குறுக்களவு, 18 மி.மீ. நீளம், நடுவில் 4 மி.மீ. துளை. ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், அதை வைத்துக் கணக்குப் போட்டால் 20.5 கிராம் வருகிறது. கனம் கூட்ட வேண்டுமானால் நீளத்தை 22 மி.மீ. ஆக்குங்கள், தடிமனைக் கூட்டாதீர்கள். தடித்த மணி புல்லிலும் ஆகாயத்தாமரைத் தண்டிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

ஈயம் எங்கே கிடைக்கும்

நல்ல ஈயம் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும். கிழிந்த பழைய வலைகளில் இருக்கும் மணிகள்தான் முதல் தரம், அவை பெரும்பாலும் மிருதுவான ஈயம். நாகப்பட்டினம் பக்கம் உறவு இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் போய்க் கேளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், எல்லாரும் வலை வேலையில் உட்கார்ந்திருப்பார்கள், கழித்துப் போட்ட மணி எடைக்குக் கிடைக்கும்.

அடுத்தது பழைய இரும்புக் கடை. பழைய கேபிள் மேல் சுற்றிய ஈய உறை, ஈயத் தகடு, ஈயக் குழாய் இவை வந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். டயர் கடையில் சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்க்க ஒட்டும் கட்டிகளும் கிடைக்கும், ஆனால் அதில் இப்போது ஈயம், துத்தநாகம், இரும்பு மூன்றும் கலந்து வருகிறது, பிரிக்கத் தெரிந்தால்தான் வாங்க வேண்டும். நகத்தால் அழுத்திக் கீறுங்கள், ஈயம் என்றால் கோடு விழும். வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு வரும். சிமென்ட் தரையில் போட்டால் சத்தம் மொத்தையாகக் கேட்கும். துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும், நகம் ஏறாது.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. கும்பகோணத்தில் ரசம் வைக்க வாங்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். நாம் பேசுவது காரீயம். பேரில் ஈயம் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்து பாட்டியின் ஓட்டைச் சொம்பை உருக்கிவிடாதீர்கள், வெள்ளீயத்தின் விலையே வேறு. அது கனத்திலும் குறைவு, கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம்தான், 232 டிகிரியிலேயே உருகிவிடும். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். அதை விட முக்கியம் தலைகீழான தவறு: காரீயம் பட்ட எந்தப் பாத்திரமும் எந்தக் காலத்திலும் சமையலறைக்குப் போகக் கூடாது.

பேட்டரியை மட்டும் தொடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று லாரி பேட்டரியை உடைத்து உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. தகட்டில் ஒட்டியிருப்பது உலோகம் கிடையாது, ஈய ஆக்ஸைடும் சல்பேட்டும், உருக்குமுன்பே தூளாக நெஞ்சுக்குள் போகும். தகட்டில் ஆர்சனிக்கும் ஆன்டிமணியும் கலந்திருக்கலாம், அந்தக் கசடில் ஈரம் பட்டால் வரும் வாயு ஆளையே கொல்லக்கூடியது. பழைய பேட்டரியைத் திருப்பி எடுத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் சொல்கின்றன. விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

எப்போது, எங்கே

பங்குனியும் சித்திரையும்தான் காலம். வாய்க்கால் காய்ந்திருக்கும், மண் காய்ந்திருக்கும், விறகு காய்ந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம், காற்றிலேயே ஈரம் இருக்கும், எந்த நேரத்தில் தூறல் விழும் என்று தெரியாது.

வீட்டை விட்டுத் தள்ளி, களத்து மேட்டில், மேலே கூரை இல்லாமல் திறந்த இடமாகப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் அடிக்கிற மாதிரி உட்காருங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஈயம் உடம்பில் போனால் எலும்பில் தங்கிவிடும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நானும் வருஷத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும்தான் வார்க்கிறேன்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பாலியஸ்டர் துணி வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேலை நடக்கும்போது பீடி, வெற்றிலை, டீ எதுவும் கூடாது, கையில் இருப்பது வாய்க்குப் போய்விடும். நெற்றி வியர்வை சட்டிக்குள் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீர் பத்தடி தள்ளி இருக்கட்டும், அது சுட்ட இடத்தை 20 நிமிஷம் நனைப்பதற்கு, ஈயத்தைக் குளிரவைப்பதற்கு இல்லை.

அச்சு

தாத்தா வைத்திருந்தது மாக்கல் அச்சு. மென்மையான கல், உளியால் குடையலாம், சூடும் தாங்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகத்துக்குக் காவிரி வண்டல் மண்ணில்தானே அச்சு கட்டுகிறார்கள், நாமும் மண்ணில் செய்தால் என்ன என்று நான் ஒரு வருஷம் முயன்று பார்த்தேன். வண்டல் நுணுக்கமாகப் பதியும், உண்மைதான். ஆனால் விக்கிரகத்துக்கு ஒரு அச்சை ஒரு முறைதான் ஊற்றி உடைக்கிறார்கள், நமக்கு ஒரே அச்சில் இருபது தடவை ஊற்ற வேண்டும். மண் விரிந்துவிடுகிறது. அதோடு வெளியே காய்ந்த மண் உள்ளே காய்ந்திருக்கும் என்று நம்பவும் முடியாது. அதனால் என் யோசனை, ஒரு தடவை செலவு செய்து லேத் பட்டறையில் அலுமினிய அச்சு போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும் என்பதால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது.

பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள். 240 மி.மீ. நீளம், 40 மி.மீ. உயரம், 20 மி.மீ. கனத்தில் இரண்டு கட்டை. உள்முகம் இரண்டையும் ஒளி தெரியாமல் பொருந்தும்படி சமப்படுத்தி, சேர்த்து வைஸில் இறுக்கிக்கொண்டு, இரண்டும் சேரும் கோட்டின் மேலேயே துளை போட வேண்டும். முதலில் 4 மி.மீ. துளை மேலிருந்து கீழ் வரை. அப்புறம் அதே துளையின் மேல் 12 மி.மீ. பிட்டை வைத்து 18 மி.மீ. ஆழம் மட்டும். 22 மி.மீ.க்கு ஒன்றாகப் பத்துக் குழி. வரிசையை மாற்றினால் துளை நடுவில் நிற்காது, மணி ஒரு பக்கம் தடித்துவிடும். கட்டையைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பாதிப் பாதிக் குழி இருக்கும். இரு ஓரத்திலும் ஊசிக்கம்பி வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், மூடும்போது நகராது. கட்டைகளைச் சேர்த்து இறுக்க ஒரு கிளாம்ப் போதும்.

துளைக்கு 4 மி.மீ. இரும்புக் கம்பி பத்துத் துண்டு. ஒவ்வொன்றிலும் மணி உட்காரும் இடத்தில் இருந்து மேல் நுனி வரை அரத்தால் மெல்ல மெல்ல இளைத்து, எமரித் தாளால் வழவழப்பாக்கிவிடுங்கள். ஈயம் உறையும்போது சுருங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், இப்படி இளைத்திருந்தால்தான் மணி நழுவி வரும்.

ஊற்றுவதற்கு முன் குழிக்கும் கம்பிக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் காட்டிக் கரி படியவிடுங்கள். மெல்லிய கரி இருந்தால் ஈயம் ஒட்டாது, சீராகவும் ஓடும். எண்ணெய் தடவாதீர்கள், புகைந்து குமிழி விடும்.

உருக்குதல்

வார்ப்பிரும்புச் சட்டி அல்லது கனமான இரும்புச் சட்டி. அலுமினியச் சட்டி வேண்டாம். அடியில் நெருப்பு நேராகப் படுகிற மெல்லிய அலுமினியத்தை இவ்வளவு கனத்தோடு நம்பவே முடியாது. 4 கிலோ ஈயம் உருகினால் ஏறக்குறைய 375 மி.லி.தான், ஒரு பெரிய டம்ளர் அளவு. அதனால் சின்னச் சட்டி போதும், ஆனால் அடி அகலமாக இருக்கட்டும், அடுப்பில் ஆடாமல் உட்கார வேண்டும். கேஸ் ஸ்டவ்வில் சூட்டைக் கட்டுப்படுத்துவது சுலபம். விறகு என்றால் கருவேலங்கட்டை நின்று எரியும்.

இனி என் கையில் இருக்கும் தழும்புக்கு வருகிறேன். மூன்றாவது வருஷம், சட்டியில் ஈயம் நன்றாக உருகியிருந்தது, பக்கத்தில் பழைய வலையில் இருந்து கழற்றிய மணி ஐந்தாறு கிடந்தது, வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டேன். துளைக்குள் கொள்ளிடத்து வண்டல் அடைத்துக்கொண்டிருந்ததை, அதற்குள் ஈரம் இருந்ததை நான் பார்க்கவில்லை. பட்டாசு மாதிரி வெடித்து சட்டியில் பாதி வெளியே வந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது, முழங்கைக்குக் கீழே வெந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், அது ஈயத்துக்கு அடியில் நடந்தால் ஈயம் முழுவதும் மேலே கிளம்பும்.

அதனால் முறை இதுதான். பழைய மணியின் துளையை எல்லாம் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கழுவி, நாலு நாள் சித்திரை வெயிலில் காயப்போடுங்கள். அப்புறம் குளிர்ந்த சட்டியிலேயே எல்லாவற்றையும் போட்டு, சட்டியோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றுங்கள். இருக்கிற ஈரம் ஈயம் உருகும் முன்பே ஆவியாகிப் போய்விடும். உருகிய பிறகு புதிதாக ஈயம் எதையும் போடாதீர்கள். இன்னும் ஈயம் வேண்டுமா? அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி முதலில் இருந்து. கரண்டியையும் நேராக உள்ளே விடக் கூடாது, சட்டி விளிம்பில் சாய்த்துச் சூடாக்கிய பிறகுதான்.

சூடு 350 முதல் 400 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. குழாய் மாதிரி உள்ளே விடும் உலோக வெப்பமானி இருந்தால் சரி. துப்பாக்கி மாதிரிப் பிடித்துப் பார்க்கிற வெப்பமானி, பளபளக்கும் ஈயத்தின் மேல் தப்பாகக் காட்டும். எதுவும் இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த விளக்குமாற்றுக் குச்சியை நுனி மட்டும் விட்டுப் பாருங்கள். பழுப்பாகிப் புகைந்தால் பதம். விட்ட உடனே கருகிப் பற்றிக்கொண்டால் சூடு அதிகம். மேலே வழித்து எடுத்த உடனேயே மஞ்சளும் நீலமுமாக ஏடு படிந்தாலும் அதிகம்தான், நெருப்பைக் குறையுங்கள். சூடு ஏற ஏற ஈயப் புகையும் ஏறும், அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாது. சூடு 400க்குள் இருந்தால் டயர் கடைக் கட்டியில் தவறி வந்த துத்தநாகம் உருகாமல் மிதக்கும், ஏனென்றால் அதற்கு 419 டிகிரி வேண்டும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். கலந்துவிட்டால் ஈயம் கூழ் மாதிரி ஆகிக் குழியை நிரப்பாது.

உருகியதும் சுண்டு விரல் நுனி அளவு தேன்மெழுகு, இல்லையென்றால் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போடுங்கள். புகைந்து குப்பென்று பற்றும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கரண்டியால் அடியில் இருந்து கிளறினால் அழுக்கு மேலே திரண்டு வரும், ஆக்ஸைடாகப் போன ஈயத்தில் கொஞ்சம் திரும்பவும் கிடைக்கும். கசடை வழித்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வயலிலோ குப்பைக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. டப்பா நிறைந்ததும் மூடியோடு பழைய உலோகம் வாங்குகிறவரிடம் கொடுங்கள், உள்ளே இருப்பது ஈயக் கசடு என்று சொல்லியே கொடுங்கள்.

ஊற்றுதல்

அச்சைச் சட்டி ஓரத்தில் வைத்து முன்பே சூடாக்குங்கள். கம்பிகளைச் செருகி, இறுக்கி, காய்ந்த செங்கல் மேல் நிறுத்துங்கள். ஈரத் தரையில் வேண்டாம். மூக்கு வைத்த கரண்டியால் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஊற்றில் நிரப்பி, வாயில் ஒரு சின்னக் குமிழ் நிற்கும்படி விடுங்கள். உறையும்போது சுருங்குவதால் அந்தக் குமிழில் இருந்துதான் உள்ளே இறங்கும், சமமாக நிறுத்தினால் மணியின் தலையில் பள்ளம் விழும்.

முதல் இரண்டு மூன்று ஊற்று சுருக்கம் விழுந்து கோணலாக வரும். அச்சு இன்னும் சூடு பிடிக்கவில்லை என்று அர்த்தம், அவற்றைத் தனியாக வையுங்கள், அடுத்த உருக்கில் போட்டுக்கொள்ளலாம். பிறகு வழவழப்பாக வர ஆரம்பிக்கும். நாற்பது ஐம்பது ஆனதும் மேல்தோல் உறைபனி படிந்த மாதிரி மங்கினால் அச்சு அதிகச் சூடாகிவிட்டது, ஐந்து நிமிஷம் காத்தாட விடுங்கள். மினுமினுப்பு மங்கி, அதன் பிறகும் பத்து எண்ணிவிட்டுத் திறவுங்கள். கம்பியை இடுக்கியால் பிடித்து, சூடாக இருக்கும்போதே முறுக்கி இழுத்தால் வந்துவிடும். மணியைத் தண்ணீரில் போடாதீர்கள், மண் தட்டில் போட்டு ஆறவிடுங்கள்.

பிசிரும் எடையும்

நேரம் போனாலும் பரவாயில்லை என்று செய்ய வேண்டிய வேலை இது. தலைக் குமிழைக் கத்தியால் சீவுங்கள். துளையின் இரு வாயிலும் 8 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் வைத்து இரண்டு திருப்பு, கூர் போய்விடும். அந்தக் கூர்தான் கயிற்றை அறுப்பது. எமரித் தாளால் தேய்க்காதீர்கள், தூள் பறக்கும். சீவல் விழ ஒரு செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, அதையும் கசடு டப்பாவில் போடுங்கள்.

அப்புறம் சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் தராசு வேண்டாம். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டிக்கே திரும்பட்டும். கனமான பக்கம் முதலில் விழுந்தால் வலை வட்டமாக விரியாது, சப்பையாகத்தான் விழும். எடை குறைந்த மணிக்குள் காற்றுக் குமிழி இருக்கும், ஒரு பருவத்தில் அது நசுங்கி உடையும்.

முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள், குளியுங்கள், அன்றைய துணியைத் தனியாக அலசுங்கள். பழைய ஆட்கள் தளர்ந்த மணியைப் பல்லால் கடித்து இறுக்குவார்கள். என் தாத்தாவும் செய்தார். அதை மட்டும் அவரிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோர்ப்பது

வலையின் அடிக்கயிற்றில் மணியைக் கோர்த்து, இரு பக்கமும் முடிச்சுப் போட்டு நகராமல் நிறுத்துங்கள். முடிச்சு போடாமல் வெறுமனே ஓடவிட்டால் மணிகள் ஒரு பக்கம் குவியும், கயிறு அறுந்தால் வரிசையாக உதிர்ந்து தண்ணீருக்குள் போகும். அப்படிப் போகிற ஈயம் மண்ணில் மக்காது. கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கிய பறவைகள் செத்ததால் பிரிட்டனில் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையான ஈயத் தூண்டில் எடைகளை 1987இல் தடையே செய்தார்கள். வடுவூர் ஏரியும் கோடியக்கரையும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. பறவை இறங்கும் ஏரி குளத்தில் வலை போடவே தடை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதி இருந்தாலும் அங்கே நான் ஈய வலையை எடுத்துப் போவதில்லை, ஓரத்தில் இரும்புச் சங்கிலி கட்டிய வலைதான். கொஞ்சம் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்று நான்கு மணி மட்டும் காணாமல் போயிருந்தால் இவ்வளவும் வேண்டாம். ஈயத் தகட்டில் 20 கிராம் துண்டு வெட்டி, கயிற்றைச் சுற்றி மடித்து, மரச்சுத்தியால் தட்டிவிடுங்கள்.

கோர்த்து முடித்த வலையை முதலில் களத்தில் காய்ந்த தரையில் வீசிப் பாருங்கள். வட்டம் எங்கே உள்வாங்குகிறதோ அங்கே ஒரு சிவப்பு நூல் கட்டி, வலையைத் திருப்பிப் பிடித்து இன்னும் இரண்டு முறை வீசுங்கள். நூல் கட்டிய இடமே மறுபடி உள்வாங்கினால் அந்தப் பக்கத்து மணிகளைக் கழற்றி மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடம் உள்வாங்கினால் மணி சரி, கை இன்னும் பழக வேண்டும்.